கிணற்று மீனுக்கு இலுப்பைப் புண்ணாக்கு

போன செவ்வாய்க்கிழமை வடமதுரைக்குப் பக்கத்தில் என் தங்கை வீட்டுத் தோட்டத்துக்குப் போனேன். கிணற்று மேட்டில் கூட்டம். எட்டிப் பார்த்தால்... கெண்டை மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கின்றன. ஐந்து மாதம் வளர்த்த மீன்!

தங்கை பாக்கியம் என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள். "வாண்ணே. நீ எழுதுன லட்சணத்தப் பாரு."

ஆமாம், எழுதினேன். இதே பக்கத்தில்தான். கிணறு உள்ளவர்கள் மீன் வளருங்கள், பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாளாவது மீன் வெஞ்சனம் கிடைக்கும் என்று. அதை நம்பித்தான் அவள் புருஷன் சின்னச்சாமி குஞ்சு விட்டார். வீட்டில் நான்கு பிள்ளைகள். அடுத்த மாதம் முதல் மீன் பிடிப்பதாக இருந்தது.

"என்ன மாப்ளே போட்டீங்க?"

"புண்ணாக்குத்தான் மச்சான்."

"என்ன புண்ணாக்கு?"

தலையைச் சொறிந்தார். "இலுப்ப."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதுவரை கடலைப் புண்ணாக்கு போட்ட மனிதர்தான். மாடு கன்று போட்டதும் அதை மாட்டுக்கு ஒதுக்கிவிட்டு, மீன் ஆபீசரைக் கேட்டிருக்கிறார். "மீனுக்கு வேண்டியது புரோட்டீன். கடலை இல்லேன்னா வேற ஏதாவது புண்ணாக்கு போடுங்க" — ஜீப்பை விட்டு இறங்காமலே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் இருந்த வேறு புண்ணாக்கு எது? தலைக்குத் தேய்த்துக் குளிக்க வைத்திருந்த இலுப்பை! இடித்து, இரண்டு கூடை கொட்டியாகிவிட்டது.

பாக்கியம் புருஷன் பக்கம் திரும்பினாள். "கண்ணுல ஒரு சொட்டுப் பட்டாலே அவிஞ்சு போகுது. அத மீனு திங்குமா? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

"ஆபீசரு சொன்னாருல்ல..."

"அவருக்குத் தலையில என்ன முடியா இருக்கு, இலுப்பயத் தேச்சுப் பாத்திருக்க?"

பம்ப் செட்டைப் போட்டுத் தண்ணீரை மாற்றலாமா? கரண்ட் பதினோரு மணிக்குத்தான் வருமாம். அதுவரை மீனை மூச்சுப் பிடித்துக்கொண்டு இருக்கச் சொல்வதா? பக்கத்துத் தோட்டத்திலிருந்து குடம் குடமாய்ச் சுமந்து மாட்டுத் தொட்டியை நிரப்பினோம். உயிர் இருந்ததையெல்லாம் கூடையால் அரித்து அதில் விட்டோம். பிழைத்தது பதினேழு.

வெள்ளிக்கிழமை ஆபீசர் வருகிறார் என்றார்கள். நான் விடுவேனா? மறுபடி போனேன்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் பதறினார். "இலுப்பைப் புண்ணாக்கா! குளத்துல வேண்டாத மீனைக் கொல்றதுக்கில்ல அதைப் போடுவோம்!"

தெரியுமாம்! நன்றாகவே தெரியுமாம்!

"தெரிஞ்சா அன்னைக்கே சொல்றதுக்கென்னய்யா?"

"அவர் கேட்டது தீனியைப் பத்தி சார். கொல்றது வேற பாடம்."

வேறு பாடமாம். படித்தவர்களுக்குப் பாடம் நூறு இருக்கலாம் — பாக்கியத்துக்கு இருப்பது ஒரே கிணறு.

அவள் இந்தப் பேச்சுக்கெல்லாம் நிற்கவில்லை. கோழிக் குஞ்சுகளுக்குக் கறையான் பிடிக்கச் சாணியும் வைக்கோலும் வைத்துக் கவிழ்த்திருந்த பானையைத் தூக்கி வந்தாள். உள்ளே அப்பியிருந்த கறையானைத் தொட்டியில் உதறினாள். மீன்கள் முட்டி மோதிக்கொண்டு மேலே வந்தன.

ஆபீசர் நோட்டை எடுத்துக்கொண்டு தொட்டிமேல் குனிந்தார். "இதுல புரோட்டீன் எத்தனை பர்சன்ட் இருக்கும்மா?"

"செத்த தள்ளி நில்லுங்க சார். மீனு பயந்து உள்ள போகுதுல்ல."

தள்ளி நின்றார். எழுதிய பாவத்துக்கு, நானும்தான்.