வ வரைக்கும் வந்த படிப்பு

அந்த டீச்சரைக் கெட்டவள் என்று யாராவது சொன்னால் நாக்கு அழுகிப்போகும். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவள், நல்லவள்தான். ஆனால் நல்லவளுக்கும் கை தவறுமே.

பிள்ளைகள் ஊருக்கு ஏதாவது செய்துகொண்டே படிக்கட்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. எழுதத் தெரியாதவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பது என்று அவள் முடிவு செய்தாள். அதற்கு இரண்டு வழி வைத்திருந்தாள். ஒன்று, ஆளுக்கு ஒருவரைப் பிடித்து, அவர் தேறும்வரை விடாமல் சொல்லிக்கொடுப்பது. இந்தப் பிள்ளை விட்ட இடத்தில் அடுத்த வருஷத்துப் பிள்ளை தொடரும். இன்னொன்று, ஆளுக்கு இருபது மணி நேரம், அவ்வளவுதான்.

"இருபதுன்னே வைம்மா," என்றார் துறைத்தலைவர். "தேறும்வரைன்னா எப்ப மார்க் போடுவே? அவங்க பேரன் கல்யாணத்துலயா?"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருபது என்றே எழுதிவிட்டாள். அங்கேதான் கை தவறியது.

பக்கத்து ஆஸ்பத்திரியின் சலவை அறையில் விரிப்பு துவைத்து மடிக்கிற அக்கா ஒருத்தி படிக்க வந்தாள். வெந்நீரில் ஊறி ஊறிச் சுருங்கின விரல். பென்சில் நிற்காமல் வழுக்கும். ஆனாலும் பிடிவாதக்காரி, ஒரு வகுப்பு தவறவில்லை. சொல்லிக்கொடுத்த பெண்ணும் கெட்டிக்காரி. அ-வில் தொடங்கி வரிசை பிசகாமல் வந்தாள். வ வந்தபோது இருபது மணி நேரம் முடிந்தது. நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டாள்.

கருத்துப் படிவத்தில் கையெழுத்து வாங்க டீச்சரே சலவை அறைக்குப் போனாள். விரிப்புக்கு முத்திரை குத்துகிற மைப்பெட்டியைத் திறந்து, அக்கா கட்டைவிரலை ஒற்றி எடுத்தாள்.

"என்னக்கா, இவ்வளவு படிச்சிட்டுக் கைநாட்டா?"

"என் பேருக்கு நடுவுல ழ இருக்கே, டீச்சர். அடுத்த வாரம் சொல்லித் தரேன்னுச்சு பாப்பா. வந்து பார்த்தா ரூம் பூட்டிக் கிடந்துச்சு."

"வேற யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே!"

"பாதிப் பேரை வச்சுக்கிட்டு யார்கிட்டப் போய் நிக்கறது? ஏற்கெனவே எங்க சூப்பர்வைசர் 'வாங்க காலேஜம்மா'ங்கறாரு."

விரிப்பை உதறிக்கொண்டேதான் மிச்சத்தைச் சொன்னாள். போன வெள்ளிக்கிழமை மகளுக்குப் பதிவுக் கல்யாணம். அம்மாதான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். அக்கா படிக்க வந்ததே அதற்குத்தான். அங்கேயும் அக்கா விரலில் மைதான். துடைத்துக்கொள்ள மகள்தான் கைக்குட்டையை நீட்டினாள்.

"முன்னாடியே சொல்லியிருந்தா உங்க பேரைத்தானேக்கா முதல்ல சொல்லிக் குடுத்திருப்போம்?"

"எதுக்குப் படிக்கறேன்னு நீங்க யாரும் கேக்கலையே."

டீச்சர் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அடுத்த பருவத்துக்குத் திட்டத்தை மாற்றிவிட்டாள். தேறும்வரை என்று எழுதினாள். எதற்குப் படிக்க வந்தீர்கள் என்று முதல் நாளே கேட்கவும் சொன்னாள். துறைத்தலைவர் முறைத்தார். முறைத்துவிட்டுப் போகட்டும். முதல் ஆளாக அந்த அக்காவைத்தான் கூப்பிடப் போனாள்.

"ஒரே எழுத்துக்கா. இப்பவே எழுதிக் காட்டட்டுமா?"

"இனிமே எதுக்கு? எனக்கு இருக்கறது ஒரே மக, டீச்சர்."

சொல்லிவிட்டு, துவைத்த விரிப்பின் இரண்டு முனைகளை அவள் கையில் கொடுத்தாள் அக்கா.

"வந்தது வந்தீங்க, இதைப் புடிங்க. இது ஒருத்தியால மடிக்க முடியாது."

டீச்சர் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.