இடது கையால் கொடுத்த வெற்றிலை

எட்டு வயதில் எனக்கு ஒரு பட்டம் கிடைத்தது: மரியாதை தெரியாதவள். திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், வெள்ளைக்காரன் ஜெர்மனியோடு சண்டை போட்ட காலத்தில், விழுப்புரத்திலிருந்து ரயிலேறி வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போனது.

அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள். ஏற்கெனவே இரண்டு இடம் கூடி வந்து தட்டிப்போயிருந்தது. சர்க்கரை கிடைக்காத நாட்கள். வெல்லக் காப்பிக்கு அவர்கள் முகம் சுளிக்காததே அப்பாவுக்குப் பெரிய நம்பிக்கை.

அக்கா வந்து உட்காரும்போதே என் கண்ணோரம் வெளிச்சம் கோணல்மாணலாக நெளிந்தது. சற்று நேரத்தில் வலது கை விரல்கள் மரத்தன. அம்மா வெற்றிலைத் தட்டை என்னிடம் நீட்டி, “போ, எல்லாருக்கும் குடு” என்றாள். மாப்பிள்ளையின் அத்தை முன்னால் போய் நின்றபோது வலது கை என்னுடையதாகவே இல்லை. தட்டு சரிந்தது. கீழே விழுந்தால் அபசகுனம் என்று எனக்கும் தெரியும். அதை இடுப்போடு அணைத்துக்கொண்டு, இடது கையால் வெற்றிலையை எடுத்து நீட்டினேன்.

“எடது கையால குடுக்குது பாரு! ஊட்டுக்கு வந்தவங்களுக்கு இதான் மரியாதையா?” என்றாள் அத்தை.

கை வரவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். “கா... கா...” என்றுதான் வந்தது. பயத்தில் அழக்கூடத் தோன்றவில்லை.

அத்தை கண்ணைச் சுருக்கினாள். “என்னாங்க, இந்தச் சின்னப் பொண்ணுக்கு ஒடம்பு ஏதாச்சும்...”

அவள் முடிப்பதற்குள் அம்மா வந்து என்னைப் பளாரென்று அறைந்தாள். “ஒடம்பெல்லாம் கல்லாட்டம் இருக்குதுங்க. கொழுப்பு! வந்தவங்கள கேலி பண்ணிக்கினு நிக்குது.”

அத்தை சிரித்துவிட்டாள். அந்தத் தை மாதமே கல்யாணம் நடந்தது.

அன்று அறைந்த கையோடு அம்மா என்னை உள் அறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். என் கையை மடியில் வைத்துத் தேய்த்தாள். “கட்ட வெரலுக்கு மொதல்ல உசுரு வரும். தல பொளக்கும். பேச்சு கடசியாத்தான் வரும். பயப்படாத, போயிடும்” என்றாள். அவள் சொன்ன வரிசையிலேயே எல்லாம் நடந்தது.

அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மாதத்தில் ஒரு நாள் அதே அறையில் அவள் எதற்காகத் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கதவைச் சாத்திப் படுத்தாள் என்றும் யோசித்ததில்லை. ‘வியாதிக் குடும்பம்’ என்ற பேச்சு எழுந்திருந்தால் அக்காவின் கல்யாணம் அன்றோடு நின்றிருக்கும் என்பது அந்த வயதில் எப்படித் தெரியும்? கன்னம் எரிந்தது, அதுதான் தெரியும். சாயங்காலம் நாக்கு திரும்பியதும் அம்மாவிடம் முதல் வார்த்தையாகச் சொன்னேன்: “இனிமே உன்கூடப் பேசவே மாட்டேன்.”