தொள்ளாயிரம் அடி மச்சான்

நேற்று ஸ்பேனர் தேடி டூல்பாக்ஸுக்குள் கையை விட்டேன். சுருக்கென்று ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தால் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் மீன். வயிற்றில் தூண்டில் முள் கொத்து, வாயில் கரண்டி மாதிரி நீட்டிய உதடு. கிரீஸ் வாடையோடு மச்சான் ஞாபகமும் வந்துவிட்டது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போட்டவர். எதையும் அடிக்கணக்கில்தான் அளப்பார், என் படிப்பு உட்பட. எங்கள் தோட்டத்தில் தொள்ளாயிரம் அடி இறக்கி, தண்ணீருக்குப் பதில் ஊருக்கே பவுடர் பூசும் அளவுக்குப் புழுதி எடுத்துக் கொடுத்தார். அவர் கைராசி போய்விட்டது என்று ஊர் பேசியது. அதை அவரும் நம்பி, தங்கை வீட்டு வாசலை மிதிப்பதையே விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவி ஒரு தட்டைக் கூடுதலாக எடுத்து, பிறகு உள்ளே வைப்பாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது.

எட்டு மாதம் கழித்து மச்சானிடமிருந்து போன் வந்தது. கர்நாடகத்தில் யாரோ கொடுத்த பொம்மை மீனாம், பரிசலில் கட்டி இழுத்தால் இருபதடி ஆழம் பாயுமாம்.

"ஆத்துக்கு வாங்க மாப்ள. ஒரு மீனு உழுந்தா உங்கூட்டுக்குச் சோத்துக்கு வாரேன். இல்லீனா என்னைய உட்டுருங்க."

குடும்ப விவகாரத்தை மீன் தலையில் கட்டிவிட்டார். மனைவி உடனே மசாலா அரைக்க உட்கார்ந்தாள். அந்தக் குடும்பத்துக்கே நம்பிக்கை ஜாஸ்தி.

பரமத்தி வேலூர் ஆற்றங்கரையில், போர் போடுமுன் செய்கிற மாதிரியே தேங்காய் உடைத்து, பிளாஸ்டிக் மீனுக்குச் சூடம் காட்டினார். மீன் மனம் குளிர்ந்ததாகத் தெரியவில்லை. பரிசலில் ஏறி, தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு இழுத்துக்கொண்டே போனோம். ஆற்றில் தண்ணீர் எட்டடி. இருபதடி பாயும் மீன் என்ன செய்யும், மணலை உழுதது.

"ஏனுங்க, இது மீன் புடிக்கவா, ஏரோட்டவா?" என்றார் பரிசல்காரர்.

பெரிய மீனெல்லாம் அடியில்தான் கிடக்கும் என்றார் மச்சான். தொள்ளாயிரம் அடி அனுபவமாயிற்றே. முதலில் ஒரு வேட்டி வந்தது, அடுத்து ஒரு சேலை. காரியம் முடித்து யாரோ ஆற்றில் விட்டவை. மதியவாக்கில் இன்னொரு வேட்டி வந்ததும் மனிதர் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டார். பரிசல் நின்றது. இழுக்க ஆளில்லாததால் பொம்மை மீன் தானாக மேலே வந்து மிதந்தது.

அப்போதுதான் விரால் வந்து அதை அடித்தது. பரிசலுக்கு நாலடி தள்ளி, தண்ணீரின் மேல்மட்டத்திலேயே.

விராலைத் தூக்கிக்கொண்டு மச்சான் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டாம் முறை சோறு வாங்கும்போது, தட்டைப் பார்த்தபடி தங்கையிடம் சொன்னார்: "மேலயே இருந்திருக்குது அம்மிணி. நாந்தான் ஆழத்துல தேடீட்டுக் கெடந்தேன்."

அவள் இன்னொரு துண்டு வைத்தாள். அதன்பிறகு ஒரு ஞாயிறுகூட அவர் தவறியதில்லை. என் பங்குத் துண்டுகள்தான் குறைந்தன.

மச்சான் போய்ச்சேர்ந்து மூன்று வருடமாகிறது. ரிக் வண்டியும் கைமாறிவிட்டது. தோட்டத்தில் அந்தக் குழி மட்டும் இரும்பு மூடியோடு இருக்கிறது. எங்கள் வீட்டில் இப்போது யாரும் எதையும் அடிக்கணக்கில் அளப்பதில்லை.

நேற்று ரத்தம் வடிந்த விரலோடு உள்ளே போனேன். மனைவி பிளாஸ்டிக் மீனைப் பார்த்தாள். முந்தானையால் என் விரலைத் துடைத்தாள்.

"எத்தன அடி எறங்குச்சுங்க?" என்றாள்.

இருவரும் சிரிக்கத்தான் ஆரம்பித்தோம்.