நீலக் குதிரைக்குக் கண்ணீர் அஞ்சலி

புதுப்பட்டினத்துச் சர்ச்சில் கோடை விடுமுறை வகுப்புக்குக் கதை சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. வருவதில் பாதிப்பேர் மீனவக் குப்பத்து இந்துப் பிள்ளைகள். "ஏசு பேரே வரக்கூடாதும்மா. உள்ளுக்குள்ள இருக்கணும், தானா புரியணும்" என்றார் பாஸ்டர். மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுக்கிற வேலை. நானும் ஒரு நீலக் குதிரையை உருவாக்கினேன். கடலுக்கடியில் ராஜ்ஜியம், சுறா ராணி, அவள் சிறைபிடித்த பிள்ளைகள். அவர்களை மீட்கக் குதிரை உயிரைக் கொடுக்கும், மூன்றாம் நாள் எழுந்து வரும். ஆகா, பிரமாதம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

குதிரை செத்த அன்று ஒரு சிறுமி என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "திரும்பி வந்துருமா டீச்சர்?" என்றாள். பொங்கலுக்கு முன்னால் கடலுக்குப் போன அவள் அப்பா இன்னும் கரை திரும்பவில்லை. "நாளன்னிக்குப் பாரு" என்றேன், பெரிய கதாசிரியை மாதிரி.

மறுநாள் போனால் வாசலில் சார்ட் பேப்பரில் 'கண்ணீர் அஞ்சலி'. கூலிங் கிளாஸ் போட்ட குதிரை. கீழே 'இப்படிக்கு நண்பர்கள்'. ஒருவன் பெயின்ட் வாளியில் சாவு மேளம் அடிக்க, நாலு பேர் விசிலடித்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"சாவு வூட்ல இன்னா டீச்சர் பாடம்? நாளைக்கு வா" என்றார்கள். வீட்டுக்கு அனுப்பியேவிட்டார்கள் என்னை!

மூன்றாம் நாள் பால் பாக்கெட்டோடு வந்து, சர்ச்சுக்குப் பின்னால் குவித்த மணலில் முறைப்படி பால் ஊற்றினார்கள். சரி, நேரம் வந்துவிட்டது என்று, "குதிரை எழுந்து வந்துகினு கீது!" என்றேன், அவர்கள் பாஷையிலேயே.

"ஐயய்யோ! பால் ஊத்தியாச்சு டீச்சர்! இனிமே வந்தா அது பேயி!"

செருப்பைக்கூட எடுக்காமல் மொத்தக் கூட்டமும் ஓடியது. அத்தனை பாடுபட்டு ஒளித்துவைத்த உயிர்த்தெழுதல் ஒரு நொடியில் பேய்க்கதையாகிவிட்டது. வந்த எரிச்சலில் வாளியை எட்டி உதைத்தேன்.

அந்தச் சிறுமி மட்டும் போகவில்லை.

"எங்கப்பாவுக்கும் பால் ஊத்திட்டாங்க டீச்சர். அப்போ அவரும் வந்தா பேயா?"

உயிர்த்தெழுதலைப் பற்றி எனக்கு வசனம் வசனமாக மனப்பாடம். ஆனால் வாயில் "அது சும்மா கதைடி கண்ணு" என்றுதான் வந்தது. சொன்னதும் எனக்கே வெட்கமாகப் போயிற்று.

"கதைதான்னு தெரியும்" என்றாள். "பேயா இருந்தாலும் பரவால்ல டீச்சர். வூட்டுக்கு வந்தா நான் கதவ தொறப்பேன்."