ஏழாம் கோளில் இருந்து வந்தவள் நான்தான்

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் குடிதண்ணீர் முடிந்துவிட்டது. முகாமையாளர் அதை அலுவலகக் குழுவில் செய்தியாகப் போட்டார். அடுத்த நிமிடமே, புதிதாக வேலைக்கு வந்த நிரோஷன் பதிலுக்கு ஒரு ஸ்ரிக்கர் அனுப்பினான். முகமெல்லாம் வெள்ளிப் பூச்சும் தலையில் கூம்புத் தொப்பியுமாக, ஒரு கையை நீட்டி முறைத்துக்கொண்டிருக்கும் ஓர் இளம்பெண். கீழே, "மானிடரே, உங்கள் கிணறுகளை ஒப்படையுங்கள்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டுவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். அந்தப் பெண் நான்தான்.

இருபது வருடங்களும் ஒரு மூக்குக்கண்ணாடியும் கொஞ்சம் சதையும் இடையில் வந்துவிட்டதால் நிரோஷனுக்கு என்னைத் தெரியவில்லை. அவனில் பிழை சொல்ல முடியாது. என் கணவரே அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது, "இது ஆர், பாவம்?" என்று கேட்டவர்.

ஸ்ரிக்கரைப் பார்த்ததும் எனக்கு வெட்கம் வரவில்லை, ஒரு மணம்தான் வந்தது. கேற்றுக்கு அடிக்கிற வெள்ளிப் பெயின்றின் மணம். முகத்துக்கு ஏதோ மினுக்கப் பொடியைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினார்கள். கேற் பெயின்ற் தொப்பிக்கு. தொப்பி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அது புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி. ஓலையில் பின்னிய அந்தக் கூம்பைக் கவிழ்த்துத் தலையில் வைத்தால் வேற்றுக்கோள்வாசி. இன்றைக்கும் யார் வீட்டுக் கேற்றுக்காவது பெயின்ற் அடித்தால் எனக்குப் புட்டு நினைவு வரும்.

சண்டை ஓய்ந்து தெற்குக்குப் போகிற பாதை திறந்திருந்த அந்தச் சில வருடங்களில் நான் மானிப்பாயில் ஒரு வீடியோ ஸ்ரூடியோவில் வேலை செய்தேன். முதலாளியின் பெயர் குலசிங்கம். எல்லோருக்கும் குலமண்ணை. வெளிநாட்டில் இருந்தவர்கள் எல்லாம் வந்து வந்து கலியாணம் செய்துகொண்டிருந்ததால் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. படத்தைக் கணினியில் வெட்டி ஒட்டுவதும், மாப்பிள்ளை பொம்பிளை பெயர்கள் மேல் ரோசாப்பூ தூவுவதும் என் வேலை.

மின்சாரம் இல்லாத காலம் முழுக்க ஜாம் போத்தல் விளக்கில் விஞ்ஞானப் புத்தகங்களை வாசித்துத் தள்ளியவர் குலமண்ணை. ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டுப் பார்சலை மடித்து எறிந்துவிட்டு வந்து என் மேசையடியில் நின்றார்.

"பிள்ளை, எவ்வளவு காலத்துக்குத் தாலி கட்டுறதையே எடுக்கிறது? நாங்கள் ஒரு விஞ்ஞானப் படம் எடுப்பம்."

படத்தின் பெயர் 'ஏழாம் கோளின் தாகம்'. அங்கே தண்ணீர் வற்றிவிட்டது. வலிகாமத்துக் கிணறுகளைத் தேடித் தூதுவர்கள் வருகிறார்கள். தூதுவராக நடிக்க வட்டுக்கோட்டையில் இருந்து ஒரு பெண்ணை ஒழுங்கு செய்திருந்தார். முதல் நாளே அவளுடைய தகப்பனார் சைக்கிளில் வந்து, நீத்துப்பெட்டியை ஒருதரம் பார்த்துவிட்டு, மகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். குலமண்ணை திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீ சும்மா தானே நிக்கிறாய்."

இப்படித்தான் நான் நடிகையானேன்.

விண்கலம் என்பது ஒன்றோடொன்று கவிழ்த்துப் பொருத்திய இரண்டு டிஷ் அன்ரனாக்கள். அதை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு நீர்வேலி வாழைத்தோட்டத்துக்குப் போனோம். வழியில் காவலரண் சென்றியில் நின்ற ஆமிக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ரி.வி?" என்று கேட்டார். குலமண்ணை, "ஓம், ரி.வி" என்றார். வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரேயொரு பொய் அதுதான் என்று நினைக்கிறேன். பறக்கிற காட்சிக்குச் சின்னக் கலம் ஒன்று செய்து தங்கூசி நைலோன் நூலில் கட்டித் தொங்கவிட்டோம். படத்தில் அந்த நூல் பளிச்சென்று தெரிந்தது. "அது ஒரு கதிர் எண்டு நினைப்பினம்" என்றார்.

மிகப் பெரிய பிழையைச் செய்தவள் நான்தான். முடிவில் ஏழாம் கோள் வெடிக்க வேண்டும். என் கணினியில் கலியாணவீட்டு மென்பொருளைத் தவிர வேறொன்றும் கிடையாது. அதில் பூ, புறா, இதயம், இவ்வளவும்தான். புறாவை விட இதயம் பரவாயில்லை என்று தோன்றியது. ஆகவே, கோடிக்கணக்கான உயிர்களோடு ஒரு கோள் அழிகிற அந்தக் கணத்தில் திரை முழுக்க ஒரு சிவப்பு இதயம் விரிந்து மூடும்.

ஒரு ஞாயிறு பின்னேரம், சனசமூக நிலைய மண்டபத்து யன்னல்களுக்குக் கறுப்புப் பொலித்தீன் அடித்துப் படத்தைக் காட்டினோம். வெள்ளை வேட்டியோடு குலமண்ணை வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றார். நான் வாயைத் திறந்து கிணறுகளைக் கேட்டதும் சிரிப்புத் தொடங்கியது. அதற்குப் பிறகு அது ஓயவேயில்லை. இதயம் வந்தபோது ஒருவர் கதிரையில் இருந்து விழுந்துவிட்டார். பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே விழுந்தார். திரும்பிப் பார்த்தேன், குலமண்ணையைக் காணவில்லை. வெளியே, நிறுத்தியிருந்த சைக்கிள்களுக்கு நடுவில் நின்று யாருடையதோ மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் வழமைபோல ஸ்ரூடியோவைத் திறந்தார். படத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் தாலி கட்டுவதை மட்டுமே எடுத்தார். என்னுடைய இதயம்தான் மனிசனை முடித்துவிட்டது என்ற எண்ணம், நான் கலியாணம் செய்து, வேலை மாறிய பிறகும் என்னை விட்டுப் போகவில்லை.

விற்ற சில சீடிகளில் ஒன்று கனடாவுக்குப் போனது, யாரோ இணையத்தில் ஏற்றினார்கள், பிறகு நடந்தது எனக்கே விளங்கவில்லை. பிள்ளைகள் வசனங்களைப் பாடமாக்கி வைத்திருந்தார்கள். ரொறன்ரோவில் ஒரு மண்டபத்தில் நீத்துப்பெட்டி போட்டுக்கொண்டு பார்த்தார்களாம். நீத்துப்பெட்டி அங்கே எப்படிக் கிடைத்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். குலமண்ணைக்கு இதெல்லாம் தெரியவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

கடைசியில் ஒருநாள் தேநீர் நேரத்தில் நிரோஷனிடம் உண்மையைச் சொன்னேன். அவன் கதிரையில் இருந்து எழும்பி நின்றுவிட்டான். பிறகு, "அக்கா, வாற சனிக்கிழமை நாங்கள் பெடியள் சேர்ந்து படத்தைப் போடுறம். டிரெக்டரைக் கூட்டிக்கொண்டு வருவியளோ?" என்றான்.

அந்த மனிசனை இரண்டாம் தரமும் சிரிப்புக்கு நடுவில் கொண்டுபோய் இருத்துவதா? சொல்லாமல் விடுவதும் சரியாகப் படவில்லை. போனேன். ஸ்ரூடியோ எப்போதோ பூட்டியாயிற்று. வீட்டு முற்றத்தில் தோடை மரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் பிள்ளை. இணையத்திலை படத்துக்குக் கீழை எழுதியிருக்கிறது எல்லாத்தையும் வாசிச்சனான்."

"கவலையா இருக்கேல்லையோ அண்ணை?"

அவர் குழாயைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். நீர்வேலி ஒழுங்கையில் நான் நடந்து வருகிற காட்சியில், பின்னால் ஒருவர் சைக்கிளில் போவார். லண்டனில் இருந்து ஒருவர் எழுதியிருந்தாராம், அது தன் தகப்பன் என்று. தகப்பன் பிறகு மூண்ட சண்டையில் செத்துப்போனார், அசைகிற படம் வேறெதுவும் இல்லை என்று.

"அந்தாளாலை அண்டைக்கு மூண்டு தரம் எடுத்தனாங்கள், ஞாபகமோ? சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு, 'தம்பி, உதென்ன கோதாரி?' எண்டு கேட்டது. அதை வெட்டினது படத்திலை மட்டும்தான். ஒறிஜினல் கசெற்றிலை குரலோடை கிடந்தது. தேடி எடுத்து அனுப்பினனான்."

"என்ன சொன்னவர்?"

"'அப்பா எப்பவும் உப்பிடித்தான் கேப்பார்' எண்டு எழுதினவர்."

பிறகு நான் சொல்லிவிட்டேன். "அந்த இதயம் என்ரை பிழை அண்ணை. இருபது வருஷமா..."

"ஆர் பிழை எண்டது? ஒரு உலகம் அழியேக்கை இதயம்தானே வெடிக்கும்? நீ யோசிச்சுப் போட்டிருக்கிறாய் எண்டெல்லோ நான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு ஒரு இடம் மட்டும் கஷ்டமா இருந்தது. தண்ணி கேட்டு வந்தவையைப் பாத்துச் சனம் சிரிச்சுது. நாங்களும் ஒருகாலம் இடம்பெயர்ந்து போய்த் தண்ணி கேட்டு நிண்டனாங்கள் தானே" என்றார்.

சனிக்கிழமை அவர் வந்தார், அதே வெள்ளை வேட்டியோடு. பெடியன்களும் பெட்டைகளும் வசனங்களைத் திரையில் நான் வாயைத் திறக்கும் முன்பே சொன்னார்கள். இதயம் வந்தபோது எழும்பி நின்று கைதட்டினார்கள். குலமண்ணை வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆனால் நான் தண்ணீர் கேட்கிற இடத்தில் சிரிப்பு வரவில்லை. அந்த வசனத்தை மண்டபம் முழுக்க ஒரே குரலில், கொஞ்சம் பவ்வியமாகவே சொன்னது.

முடிந்ததும் ஒரு பெட்டை வந்து, ஏழாம் கோளைக் கணினியில் செய்தீர்களா என்று கேட்டாள். இல்லை, அது உண்மையான இடம், கிழக்குக் கரைப் பக்கம் ஒரு மணல்மேடு என்றேன். கண்ணுக்கெட்டிய வரை மணல். காற்றடித்தால் மேடே இடம் மாறும். வெறுங்காலோடு ஏறி இறங்கி எனக்குக் காலெல்லாம் கொப்புளம்.

"எங்களை ஒருக்கா அங்கை கூட்டிக்கொண்டு போவியளோ, அன்ரி?"

அடுத்த ஞாயிறு போனோம். குலமண்ணை முன் இருக்கையில் இருந்து வழி சொன்னார். இரண்டு தரம் தாண்டிப் போய்த் திரும்பி வந்தோம். பிறகுதான் விளங்கியது, நாங்கள் அந்த இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம். மேடு இல்லை. வருடக்கணக்காக டிப்பர் டிப்பராக அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். எஞ்சிய பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கி, நாலைந்து எருமைகள் படுத்துக் கிடந்தன. பிள்ளைகள் அதைப் படம் பிடித்தார்கள்.

ஏழாம் கோள் முழுவதும் இப்போது யாழ்ப்பாணத்துப் புது வீடுகளின் சுவர்களில் இருக்கிறது. எங்கள் வீடும் அந்த வருடங்களில் கட்டியதுதான். டிப்பர் வந்து மணலைக் கொட்டிப் பறித்த அன்றைக்கு, நல்ல வெள்ளை மணல் என்று கையில் அள்ளிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. எங்கே ஏற்றியது என்று நான் கேட்கவில்லை.