போத்தலில் பாதி விலாசம்

எந்தப் பொருளை யாரிடம் எப்படி விற்பது என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. பதுளை பஜாரில் எங்கள் அப்பா போட்ட பலசரக்குக் கடை என்னுடையது. உள்ளே வருகிறவர் சாமான் வாங்க வருகிறாரா, மழைக்கு ஒதுங்க வருகிறாரா என்று கல்லாவில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட ஜெயராசாவையே தலையில் கைவைக்க வைத்தவள் ஒருத்தி உண்டென்றால் அது ரெங்கம்மாதான்.

ரெங்கம்மா மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலம். ஒரே மகள், நிரஞ்சலா. அந்தப் பிள்ளை கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனது, போன இடத்தில் ஒருவனை விரும்பியது, போனில் அம்மாவிடம் சொன்னது. அம்மாவுக்கு வந்ததே கோபம். "இனி என் மூஞ்சியில முழிக்காத" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள். தாயைப் போல பிள்ளை. மகளும் முழிக்கவில்லை.

அந்தக் கோபம் தானாக ஆறியிருக்கும். ஆறுவதற்குள் மலை இறங்கிவிட்டது. அந்த வருஷத்து அடைமழையில் மண் சரிந்து, அவர்கள் குடியிருந்த லயம், அந்த வீட்டு வரிசை முழுக்க, இருந்த இடமே இல்லாமல் போனது. காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போயிருந்ததால் ரெங்கம்மா உயிர் தப்பினாள். போனும் அதிலிருந்த மகளின் நம்பரும் மகளின் படங்களும் மண்ணுக்குள். தன் பழைய நம்பரைத் திரும்ப எடுக்கலாம் என்று போனால், அந்த சிம் அவள் பேரிலேயே இல்லை. யாரோ தெருவில் விற்றதை வாங்கிப் போட்டிருக்கிறாள். ஆகக்கூடி மகளிடம் இருப்பது செத்துப்போன நம்பர், இல்லாத லயத்தின் விலாசம். ரெங்கம்மா இருப்பதோ பசறை ரோட்டில் ஒரு தகரக் கொட்டில்.

தேடாமலும் இல்லை. கொழும்பு போய்வருகிற பொடியன்களிடமெல்லாம் விசாரித்தாள். துணிக்கடையை விட்டு அந்தப் பிள்ளை எப்போதோ போய்விட்டது என்று மட்டும் தெரிந்தது. நான் பேஸ்புக்கில் போடச் சொன்னேன். போட்டோம். முன்பின் தெரியாதவர்களெல்லாம் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னார்கள். வேறொன்றும் நடக்கவில்லை.

என் கடைக்கு மிளகாய்க் காம்பு கிள்ளத்தான் அவள் வந்தாள். ஒருநாள் மத்தியானம் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தாள். "மொதலாளி, ஒரு துண்டு சாப்புடுங்க" என்று நீட்டினாள். கூட ஒரு சம்பல்: காய்ந்த செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், மாசிக் கருவாடு, புளி, எண்ணெயில் வதக்கி இறக்கியது. வாயில் வைத்தேன். அன்றைக்கு அவள் ரொட்டியில் பாதி என் வயிற்றுக்குள் போனது. இதைப் போத்தலில் அடைத்து விற்கலாமே என்று நான்தான் ஆரம்பித்து வைத்தேன். சரக்கு என்னுடையது, கை அவளுடையது, கடைக்குப் பின்னால் அடுப்பு. உரலுக்குள் தலையை விட்ட கதை அங்கேதான் தொடங்கியது.

லேபிள் அடிக்க வேண்டும். 'ஜெயராசா ஸ்டோர்ஸ்' என்று போட்டு, ஒரு மலைப் படம், ஒரு மிளகாய்ப் படம் என்று நான் யோசித்து வைத்திருந்தேன். ரெங்கம்மா வாயே திறக்காதவள், அன்றைக்குத் திறந்தாள்.

"மொதலாளி, அதுல என் பேரு போடணும். என் போன் நம்பரு பெருசா போடணும். மேல் டிவிசன் நாலாம் லயத்துல இருந்த ரெங்கம்மான்னு போடணும். இப்ப பசறை ரோட்டுல இருக்கேன்னும் போட்டுருங்க."

"நீ சம்பல் விக்கிறியா, ஆள் தேடுறியா?"

"ஆளத்தாங்க தேடுறேன்" என்றாள், கொஞ்சமும் கூசாமல். "கொழும்புல எந்தக் கடையிலயாச்சும் எம்புள்ள இந்தப் போத்தல கையில எடுக்குமில்லிங்களா? அம்மா சாகல, இங்கனதான் இருக்கான்னு அதுக்குத் தெரிஞ்சா போதும்."

மிளகாய்ப் படத்தைத் தூக்கினேன். போத்தலில் பாதி இடத்தை அவள் விலாசம் பிடித்துக்கொண்டது.

அப்புறம்தான் பதுளையில் மாகாண வியாபாரக் கண்காட்சி வந்தது. சிறு முயற்சிக்காரர்கள் ஸ்டால் போடலாம், ஊர் ஊராகக் கடைகளுக்குக் கொள்முதல் செய்கிறவர்கள் வந்து பார்ப்பார்கள் என்றார்கள். கொழும்பிலிருந்தும் வருவார்கள் என்று கேட்டதும் ரெங்கம்மா ஒரு புதுச் சேலை எடுத்துக்கொண்டாள். நான் மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, போத்தல்களைக் கோபுரம் மாதிரி அடுக்கி, மேலே ஒரு பெரிய பேனரும் கட்டினேன்.

முதல் நாள் ஈ ஓட்டினோம். கழுத்தில் அட்டை தொங்கவிட்டவர்கள்தான் கொள்முதல்காரர்கள். அவர்கள் எங்களைப் பார்ப்பார்கள், பேனரைப் பார்ப்பார்கள், நடந்துகொண்டே இருப்பார்கள். பஜாரில் கூப்பிடுகிற மாதிரி "வாங்க வாங்க, ருசி பாருங்க" என்று நான் குரல் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் வேகமாக நடந்தார்கள். எதிர் ஸ்டால்காரன் பலூன் ஊதிக் கட்டியிருந்தான். அங்கே நாலு பேராவது நின்றார்கள்.

தப்பித் தவறி வந்தவர்களையும் ரெங்கம்மா விரட்டினாள். யார் வந்தாலும் தோட்டத்துத் துரையைக் கண்ட மாதிரி விறைத்து எழுந்து நிற்பாள். நின்று, முதல் கேள்வியாக, "உங்க கடை எங்கங்க?" என்பாள். கண்டியில் மூன்று கடை வைத்திருக்கிற ஒரு பெரிய மனுஷர் வந்தார். போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்டியாங்க?" என்றாள் ரெங்கம்மா. "சரிங்க." உட்கார்ந்துவிட்டாள்.

அவர் போத்தலை வைத்துவிட்டுப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "கண்டிக்காரன் வாயில சம்பல் காரமா இருக்காதா? எந்த ஊர்க் காசு ஓடாதுன்னு சொல்லு பாப்போம்" என்று கத்தினேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

இரண்டாம் நாள் காலையில் ஒரு துணிமூட்டையோடு வந்தாள். விடியுமுன் எழுந்து சுட்ட ரொட்டி. கூடவே பிளாஸ்கில் சாயத் தண்ணி. மலையில் பத்து மணிக்குத் தேத்தண்ணி குடித்துப் பழகிய உடம்பு, அந்த நேரத்துக்குக் கேட்கிறது. மூட்டையைப் பிரித்தவள் சாப்பிடவில்லை. மண்டபம் கூட்டுகிற பெண்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்றார்கள், அவர்களைக் கூப்பிட்டாள். வாசல் காவல்காரரையும் கூப்பிட்டாள்.

"விக்கிறதுக்கு வந்த இடத்துல பந்தி போடுறியே" என்றேன்.

"கண்ணு முன்னுக்கு ஆளுக நிக்கையில எப்படிங்க தனியா திங்கிறது" என்றாள்.

ரொட்டியைப் பிய்த்து, சம்பலை அள்ளி வைத்து, ஆளுக்கொரு வாய் கொடுத்தாள். கூட்டுகிற பெண் ஒருத்திக்கு மூக்கில் தண்ணீர் வந்தது. சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டு கேட்டாள். எதிர் ஸ்டால்காரன் பலூனை விட்டுவிட்டு வந்தான். எங்கள் மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று மென்றுகொண்டிருப்பதைப் பார்த்து, கழுத்தில் அட்டை தொங்கியவர்களும் எட்டிப் பார்த்தார்கள். கூட்டத்துக்குத்தான் கூட்டம் சேரும் என்பது எனக்குத் தெரியாததா? தெரிந்திருந்தும் பேனர் கட்டினேன். என்னை எதால் அடிக்கலாம்.

அந்தக் கூட்டத்தில் வந்தவர்தான் நப்ரீஸ். இளம் வயது, மடிப்புக் கலையாத சட்டை. கொழும்பில் பல கிளைகள் உள்ள ஒரு பெரிய கடைக் கம்பனிக்குக் கொள்முதல் பார்க்கிறவர். ரொட்டித் துண்டை நின்றபடியே தின்றார். இன்னொன்று கேட்டுத் தின்றார். ரெங்கம்மா அவருடைய ஊரைக் கேட்டாள். கொழும்பு என்றதும் அவள் முகம் விரிந்ததை நான் பார்த்தேன். இருந்த ரொட்டி எல்லாவற்றையும் அவர் பக்கம் தள்ளினாள்.

"ஐயா, இதை எங்க எல்லாக் கிளைக்கும் எடுக்கலாம்" என்றார் நப்ரீஸ் என்னிடம். "எவ்வளவு செஞ்சாலும் எடுப்போம். ஒரே ஒரு விஷயம். இந்த லேபிள் சரிவராது. எங்க கம்பனிப் பேர்லதான் வரும்."

"அதுக்கென்ன, தாராளமா" என்று நான் வாயெடுப்பதற்குள், "அதுல என் நம்பரு இருக்குமாங்க?" என்றாள் ரெங்கம்மா.

"இல்லம்மா. எங்க ஹொட்லைன் நம்பர்தான் இருக்கும்."

"என் பேரு?"

"பேரும் வராது."

"அப்ப வேணாங்க" என்றாள்.

வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது எனக்கு. அவர் இருக்கிறார் என்றும் பார்க்கவில்லை. "உனக்குப் புத்தி இருக்கா? கொழும்பு பூராவும் உன் சம்பல் போகும். கொட்டில விட்டு ஒரு நல்ல வீட்டுக்குப் போகலாம். வலிய வர்ற சீதேவியைக் காலால உதைக்கிறியே" என்று பிடித்துக்கொண்டேன்.

"சம்பல் போகும் மொதலாளி. நான் போமாட்டேனே" என்றாள். "எம்புள்ள அத வாங்கித் திங்கும். தின்னுட்டு, அம்மா செய்ற மாதிரியே இருக்குன்னு நெனைக்கும். நெனைச்சுட்டு, போத்தலக் குப்பையில போட்டுரும். எனக்கு அது வேணாங்க. எனக்கு எம்புள்ளதாங்க வேணும்."

நப்ரீஸ் போத்தலில் இருந்த விலாசத்தைப் படித்துக்கொண்டு நின்றார். கம்பனிச் சட்டத்தை அவரால் என்ன செய்ய முடியும். உம்மாவுக்கு என்று இரண்டு போத்தலைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். நான் வெளியே போய் ஒரு சாயத் தண்ணி குடித்தேன். கசந்தது. திரும்பி வந்தபோது ரெங்கம்மா யாரோ ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தாள். இஸ்ரா என்று பெயர். கொழும்புப் பக்கம் வெள்ளம்பிட்டியில் சின்னதாக ஒரு கடை. லேபிள் இருந்தபடியே இருக்கட்டும் என்று ஒரு பெட்டி எடுத்தார். கொட்டாஞ்சேனைக்காரர் ஒருவர் ஒரு பெட்டி, வத்தளைக்காரர் ஒருவர் ஒரு பெட்டி. கொழும்பு பூராவும் போகவேண்டியது மூன்று மூலைக்குப் போனது.

அன்றிலிருந்து அவள் போன் அடிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் அவள் ஓடிப்போய் எடுக்கிறதைப் பார்க்க எனக்கு எரிச்சல் வரும். ஒருவர் மாசி போடாமல் கிடைக்குமா என்பார். ஒருவர் மூடி திறக்கவில்லை என்பார். ஒரு குடிகாரர் கடிக்க வேறென்ன இருக்கிறது என்று கேட்டார். எல்லாருக்கும் "ஆமாங்க, சரிங்க" என்று பதில் சொல்லிவிட்டு, போனை இடுப்பில் சொருகிக்கொண்டு அடுப்புக்குத் திரும்புவாள்.

போன மாசம் ஒரு சாயங்காலம், வெளியே நல்ல மழை. ரெங்கம்மாவின் இரண்டு கையும் மிளகாய் விழுது. போன் அடித்தது. "மொதலாளி, கொஞ்சம் அமுக்கி விடுங்க" என்றாள். நான் அமுக்கி, ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டேன்.

"சம்பல் செய்ற இடமாங்க?" ஒரு பெண் குரல்.

"ஆமாங்க."

"ஒன்னுமில்லிங்க. சம்பல் வாங்குனோம். நல்லாதான் இருக்கு." கொஞ்சம் நின்றது. "காரந்தான் பத்தல. முந்தி இத விடக் காரமா இருக்கும்."

எங்கள் சம்பல் கடைக்குப் போய் நாலு மாசம்கூட ஆகவில்லை. இதில் முந்தி ஏது என்று கேட்க நான் வாயைத் திறந்தேன். ரெங்கம்மா மிளகாய்க் கையோடு என் வாய்க்கு நேரே கையை நீட்டித் தடுத்தாள்.

"கடைக்கு விக்கிறதுன்னு கொறைச்சுப் போட்டேங்க" என்றாள். "உங்க வீட்டுல எல்லாரும் காரம் திம்பீங்களா?"

"நான் திம்பேன். அவரும் திம்பாரு. சின்னது ஒன்னு இருக்கு, அதுக்கு ஆவாது."

"பாப்பாங்களா?"

"ஆமாங்க. பொம்பளப் புள்ள."

ரெங்கம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கையை வைத்துத் துடைக்க வழியில்லை. பெற்ற மகளை நீங்க, வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டு ஒரு தாய் நிற்கிறாள்.

"பாப்பாவுக்குக் காரமில்லாம தனியா செஞ்சு வைக்கிறேங்க" என்றாள். "எப்ப வந்தாலும் எடுத்துக்கலாம்."

"அந்த நாலாம் லயம்... இப்ப இல்லிங்களா?"

"லயம் போயிருச்சுங்க. போனும் அதோட போயிருச்சு. நான் இருக்கேங்க."

அந்தப் பக்கம் மூச்சை இழுத்துப் பிடிக்கிற சத்தம். அப்புறம், "சரிங்க, பொறகு எடுக்குறேன்" என்றது குரல். வைத்துவிட்டது.

"அடிப்பாவி, பேரச் சொல்லிக் கூப்பிட வேண்டியதுதானே" என்றேன்.

"பேரச் சொன்னா இனி எடுக்கவே எடுக்காது. அதோட கோவம் எனக்குத் தெரியாதா? என் கோவந்தானே அது."

"நம்பரையாவது சேவ் பண்ணுறேன். பேரு என்ன போட?"

"போடாதீங்க மொதலாளி. அதுவே சொல்லட்டும்."

அதன் பிறகும் அந்த நம்பரிலிருந்து இரண்டு தடவை வந்தது. ஒரு தடவை உப்புக் கூடிவிட்டது என்று. இன்னொரு தடவை வெங்காயம் கருகியிருக்கிறது என்று. அப்படிக் கருகவே இல்லை. இரண்டு தடவையும் ரெங்கம்மா மன்னிப்புக் கேட்டாள், அடுத்த முறை சரியாகச் செய்கிறேன் என்றாள், பாப்பா எப்படிங்க என்றாள்.

என் கடையில் மேல்தட்டில் லேபிள் ஒட்டாத போத்தல் ஒன்று இருக்கிறது. காரமில்லாத சம்பல். கேட்கிறவர்களுக்கு அது விற்பனைக்கில்லை என்று சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை தோறும் ரெங்கம்மா அதை எடுத்து, பழசாகிவிட்டது என்று கொட்டிவிட்டு, புதிதாகச் செய்து நிரப்பி வைக்கிறாள். என் வெங்காயம், என் எண்ணெய். கணக்கில் நான் எழுதுவதில்லை.