கழிவு என்ற சொல்

இந்த ஊரில் பெட்ரோல் நிலையத்து வாசலில் விறகு விற்கிறார்கள். வெங்காயம்போல வலைப்பையில் கட்டிய பேர்ச் மரக் கட்டைகள். சமைக்க அல்ல, விடுமுறை மாலையில் கணப்பின் முன்னால் சும்மா உட்கார்ந்திருக்க. சுவீடனுக்கு வந்து ஆறு வருடமாகியும் அந்தப் பைகளை ஒரு கணம் நின்று பார்க்காமல் என்னால் கடக்க முடிவதில்லை.

என் வேலையும் மரத்தோடுதான். மரத்தூளை உயர் அழுத்த நீராவியில் வேகவைத்துக் கூழாக்கி, நொதிகளைச் சேர்த்துச் சர்க்கரையாக உடைக்கிறோம். அது புளித்தால் வாகன எரிபொருள். மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருள்தான் தொல்லை. நொதிகளைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். வேலை பாதியில் நின்றுவிடும்.

போன வருடம் இலங்கை மலையகத்தில் எங்கள் ஊரான லிந்துலைக்குப் போனபோது, உரிய அனுமதியோடு கவ்வாத்து மிலாறு கொஞ்சம் கேட்டேன். தேயிலைச் செடியை வெட்டிவிட்ட கிளைகள். கொழுந்து பறித்து முடித்த அக்கா, ஒரு கட்டு மிலாறைத் தலையில் சுமந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்தாள்.

"இதுலேருந்தா பெட்ரோல் எடுக்கப் போற?"

"எடுக்க முடியுமான்னு பாக்கணும்க்கா."

"மெல்லிசா உள்ளத எடுத்துக்க. மொத்தமானத விட்டுரு. மழை நாள்ல அதுதான் நின்னு எரியும்."

தேயிலைக் கட்டை லேசில் மசியவில்லை. பல மாதம் தோற்றபின், கூழைச் சுடுநீரில் கழுவி, நொதிக்கு முன்னால் சோயாப் புரதம் சேர்த்தேன். லிக்னின் புரதத்தைப் பிடித்துக்கொண்டது, நொதிகள் தப்பின. சர்க்கரை அளவு ஏறிய அன்றே மேலாளர் லார்ஸ் நிதி விண்ணப்பத்தை எழுதினார்: 'யாருக்கும் பயன்படாத தோட்டக் கழிவு.'

"கழிவு இல்லை. என் அக்கா இதில்தான் சமைக்கிறாள்" என்றேன்.

"ஓ, பார்பெக்யூ! அருமை!" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மறுநாள் அக்காவின் அடுப்புப் படத்தைக் காட்டினேன். "தினமும், மூன்று வேளையும்."

அவர் விண்ணப்பத்தைத் திரும்பத் திறந்தார். "அப்படியானால் திட்டம் சுருங்கும். நிதி வராமல் போகலாம். உன் வேலையும் அதில்தான் இருக்கிறது."

"தெரியும்."

'வீடுகளின் தேவைக்குப் போக மிஞ்சுவது' என்று இருவருமாகத் திருத்தினோம். நிதி வரவில்லை. இப்போது எனக்குப் பாதி நாள் வேலை, ஸ்ப்ரூஸ் மரத்தூளோடு.

அக்காவிடம் சொன்னபோது பெருமைப்படுவாள் என்று நினைத்திருந்தேன்.

"அதுக்காகவா வேலையக் கெடுத்துக்கிட்ட? வெறகுதானே, நாங்க வேற எங்கயாச்சும் பொறுக்கியிருப்போம்ல."

அவள் கோபத்தை நீட்டவில்லை. "இரு, அடுப்பு அணையுது" என்று கைபேசியைக் கீழே வைத்தாள். அவள் ஊதுவது கேட்டது. என் முன்னால் இருந்தது மின்னடுப்பு, புகையுமில்லை, சாம்பலுமில்லை. ஆனால் என் கன்னங்களும் ஊதுவதற்கு உப்பியிருந்தன.